"பாக்கி": விசைத்தறிப் பட்டறையில் ஒரு சொல்லின் கதை

"பாக்கி" என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். மளிகைக் கடையில் பாக்கி. பால்காரருக்குப் பாக்கி. சம்பளம் வந்ததும் கொடுத்துவிடுகிறோம். கணக்கு தீர்ந்துவிடுகிறது.

ஆனால், காவிரிக் கரையில் உள்ள குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் "பாக்கி" என்ற சொல்லுக்கு வேறு ஒரு பொருள் உண்டு.

விசைத்தறி ஓட்டும் தொழிலாளி, முதலாளியிடம் வாங்கும் முன்பணம்தான் அங்கே பாக்கி!

மளிகைக் கடைப் பாக்கி மாதக் கடைசியில் தீரும். தறிப் பாக்கி அப்படி அல்ல. சில குடும்பங்களில் அது ஆண்டுக் கணக்கில் தீருவதே இல்லை.

பாக்கி வாங்கியவர், வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுப் போக முடியுமா?

முடியும் என்றால் அவர் தொழிலாளி. முடியாது என்றால்?

இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். கோர்ட்டுகள் கேட்டன. நம் ஊர்த் துணியை வாங்கும் வெளிநாட்டு அரசாங்கங்களும் இப்போது கேட்கின்றன.

காவிரியின் கரையில்

ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருப்பது பள்ளிபாளையம். பவானிக்கு எதிர்க்கரையில் இருப்பது குமாரபாளையம். இரண்டும் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1997-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆகும் வரை இவை சேலம் மாவட்டத்தில் இருந்தன.

திருச்செங்கோடு, எடப்பாடி, தாரமங்கலம், இளம்பிள்ளை, சேலம் அம்மாப்பேட்டை. இந்தச் சீமையில் எந்த ஊருக்குப் போனாலும் தறிச் சத்தம் காதில் விழும். துண்டு, லுங்கி, வேட்டி, சேலை, படுக்கை விரிப்பு என்று வகை வகையான துணிகள் இங்கே நெய்யப்படுகின்றன.

பட்டறை என்றால் பெரிய கட்டிடம் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் வீட்டை ஒட்டிய ஒரு கொட்டகைதான். உள்ளே வரிசையாகத் தறிகள். பாவு ஓடிக்கொண்டே இருக்கும். ஊடை நூல் குறுக்கே பாய்ந்துகொண்டே இருக்கும். நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, முடிந்து, மறுபடி ஓட்ட வேண்டும். ஒரே ஆள் பல தறிகளைக் கவனிப்பார்.

சத்தமோ சொல்லி முடியாது! பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடச் சைகைதான். பல ஆண்டுகள் இந்தச் சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடுவது உண்டு.

கூலி, நெய்த அளவுக்கு. மின்சாரம் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். 12 மணி நேர ஷிப்டு பல பட்டறைகளில் சகஜம்.

இங்கேதான் "பாக்கி" வருகிறது.

கேட்டு வாங்கும் கடன்

மகளுக்குக் கல்யாணம். மகனுக்குப் பள்ளிக்கூடச் செலவு. வீட்டில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. வாரக் கூலி வாங்குகிறவரிடம் மொத்தமாகப் பணம் ஏது? பாங்கியில் கடன் கேட்டால் ஜாமீன் வேண்டும். முதலாளியிடம் கேட்டால் அன்றைக்கே கிடைக்கும். வட்டியும் இல்லை.

வட்டி இல்லையா? நல்ல மனிதராக இருக்கிறாரே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 40 ஆயிரம் ரூபாய் பாக்கி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி இல்லாத ஆளுக்குக் கிடைக்கும் கூலியைவிட அவருக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால், 30 ஆயிரம் ரூபாய் போய்விடுகிறது!

அந்த 30 ஆயிரமும் கடனில் கழியாது. 40 ஆயிரம் அப்படியே நிற்கும். அடுத்த ஆண்டும் அதே கதைதான்.

ஆகவே, வட்டி இல்லை என்பது சரியல்ல. வட்டி, கூலிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. பாக்கி இருக்கும்போது, "கூலி போதாது" என்று சொல்ல வாய் வருமா? "அடுத்த பட்டறையில் அதிகம் தருகிறார்கள், போகிறேன்" என்று சொல்ல முடியுமா? "முதலில் பாக்கியை வைத்துவிட்டுப் போ!" என்ற பதில் காத்திருக்கிறது.

குமாரபாளையம் வந்த ஆராய்ச்சியாளர்

கீர்ட் டி நெவ் என்பவர் இங்கிலாந்தில் உள்ள சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அறிஞர். 1990-களின் நடுவில் இவர் பவானியிலும் குமாரபாளையத்திலும் தங்கி, நெசவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையை நேரில் ஆராய்ந்தார். "பாக்கி" பற்றி 1999-ல் ஒரு கட்டுரை எழுதினார். 2005-ல் புத்தகமும் வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன?

முதலாளி கடன் கொடுத்து ஏழையை மடக்கிப் போட்டார் என்று ஒரே வரியில் கதையை முடிக்க முடியாது என்று அவர் எழுதினார். தறிகள் பெருகியபோது ஆள் பற்றாக்குறை வந்தது. அப்போது தொழிலாளர்களே முன்வந்து பாக்கி கேட்டார்கள். "பாக்கி கொடுத்தால் வருகிறேன்" என்று பேரம் பேசினார்கள். முதலாளிகளும் ஆள் வேண்டுமே என்று கொடுத்தார்கள்.

பாக்கி கொடுத்துவிட்டால் ஆள் நிலைத்து நிற்பார் என்று முதலாளிகள் நம்பினார்கள். ஆனால், நிலைத்து நின்றார்களா? சிலர் வேறு முதலாளியிடம் அதிகப் பாக்கி வாங்கி, பழைய கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனார்கள். சிலர் சொல்லாமலேயே போய்விட்டார்கள். கொடுத்த பணம் திரும்பாமல் முதலாளிகளும் தவித்தார்கள்.

அப்படியானால் பாக்கி தொழிலாளிக்கு நல்லதா? அதுவும் இல்லை. ஒரு முதலாளியிடம் இருந்து இன்னொரு முதலாளிக்குப் போகலாமே தவிர, பாக்கியில் இருந்து வெளியே வருவது கடினமாக இருந்தது. கடனும் கூடவே நடந்து வந்தது!

டி நெவ், கிரேஸ் கார்ஸ்வெல் என்ற மற்றொரு அறிஞருடன் சேர்ந்து பின்னர் திருப்பூர் வட்டாரத்துக் கிராமங்களையும் ஆராய்ந்தார். அதில் ஒரு முக்கியமான உண்மை வெளிப்பட்டது.

தாழ்த்தப்பட்ட மக்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய் வந்த கிராமத்தில், உள்ளூர்ப் பெரியவர்களின் பிடி தளர்ந்திருந்தது. ஆனால், கிராமத்துக்குள்ளேயே விசைத்தறி வந்த இடத்தில் அப்படி இல்லை. முன்பு பண்ணையில் கடன்பட்டு உழைத்தவர்கள், இப்போது தறியில் கடன்பட்டு உழைத்தார்கள். வயல் மாறித் தறி வந்தது. கட்டு மட்டும் மாறவில்லை!

கும்பெனிக் காலத்துக் கதை

நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பது புதிய வழக்கம் அல்ல. இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பும் அது இருந்தது.

அந்தக் காலத்தில் தென்னாட்டு வியாபாரிகள் நெசவாளிகளுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கினார்கள். அப்போது நெசவாளிக்கு ஒரு பெரிய உரிமை இருந்தது. விலை கட்டவில்லை என்றால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரியிடம் போய்விடலாம்! தென்னாட்டு நெசவாளிகளின் வரலாற்றை எழுதிய பிரசன்னன் பார்த்தசாரதி, 2001-ல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கி இருக்கிறார்.

கிழக்கிந்தியக் கும்பெனியின் கை ஓங்கியதும் நிலைமை தலைகீழானது. கும்பெனியின் பணத்தை வாங்கினால் கும்பெனிக்குத்தான் நெய்ய வேண்டும். மற்றவர்களுக்கு நெய்யக் கூடாது. கண்காணிக்கச் சேவகர்கள் வந்தார்கள். திப்பு சுல்தானுடன் நடந்த போருக்குப் பின், 1792-ம் ஆண்டு உடன்படிக்கையில் சேலம் சீமையும் கும்பெனியின் கைக்கு வந்தது.

முன்பணம் அன்றும் இருந்தது. பிறகும் இருந்தது. நடுவில் பறிபோனது எது? விட்டுப் போகும் உரிமை!

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், இன்றைய துணித் தொழிலின் எத்தனையோ சிக்கல்கள் எளிதில் புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கொத்தடிமை முறையை ஒழிக்க 1975 அக்டோபரில் மத்திய அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. 1976-ல் அது முழுச் சட்டம் ஆனது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தின்படி, கடன் வாங்குவது குற்றம் அல்ல. அந்தக் கடனுக்காக ஒருவர்,

கூலி இல்லாமலோ, பெயருக்கு ஒரு கூலிக்கோ உழைக்க வேண்டி வந்தால்,

வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால்,

விரும்பிய ஊருக்குப் போகும் உரிமையை இழந்தால்,

தம் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தால்,

அது கொத்தடிமை முறை. இந்த நான்கில் ஒன்று இருந்தாலே போதும்!

அப்படிப்பட்ட கடன் ரத்தாகிவிடும். திருப்பிக் கொடுக்க வேண்டியது இல்லை. கொத்தடிமையாக வேலை வாங்குகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு. நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு மாவட்டக் கலெக்டரிடம் இருக்கிறது. மீட்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வுத் தொகை தரும் மத்திய அரசாங்கத் திட்டமும் இருக்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட அந்தத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாயும், மிகக் கொடிய நிலையில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாயும் என்று வகுக்கப்பட்டது.

1982-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு புகழ் பெற்ற தீர்ப்பைக் கூறியது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக நடந்த கட்டிட வேலை பற்றிய வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வேலை வாங்கினால், அதுவும் கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். வறுமையும் பசியும்கூட ஒரு மனிதனைக் கட்டாயப்படுத்தும் சக்திகள்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சட்டம் இருந்தும் சிறிய பட்டறைகளில் அது எட்டிப் பார்ப்பது அரிது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் பொருந்தியது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் அந்த எண்ணிக்கை 20 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. நாலு பேர், ஆறு பேர் வேலை செய்யும் கொட்டகை அன்றும் வெளியே நின்றது. இன்றும் வெளியே நிற்கிறது.

விற்கக் கூடாத பொருள்

கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 2025 ஜூலையில் நாட்டையே திடுக்கிட வைத்தது.

பள்ளிபாளையம் பகுதியில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் தேடிப் பிடித்துப் பணத்தாசை காட்டிச் சிறுநீரகத்தை விற்க வைத்தார்கள் என்ற புகார் வெடித்தது!

தமிழக அரசாங்கம் விசாரணை நடத்தியது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்திருந்த சிறுநீரக மாற்று அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து விசாரிக்க உத்தரவிட்டது.

உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது தெரிந்திருந்தும் ஒருவர் அந்த முடிவுக்கு ஏன் வர வேண்டும்? இரவும் பகலும் தறி ஓட்டியும் கடன் அடையவில்லை என்றால், கடைசியில் விற்பதற்கு உடம்பைத் தவிர என்ன மிச்சம்?

"சுமங்கலி" என்ற பெயரில்

தறிக்கு நூல் எங்கிருந்து வருகிறது? நூற்பாலையில் இருந்து. அங்கே இன்னொரு வகை முன்கணக்கு இருந்தது.

ஏழைக் குடும்பத்து இளம் பெண்களை மூன்று ஆண்டு வேலைக்குச் சேர்ப்பார்கள். தங்குவதற்கு ஆலை விடுதி. மாதம் கொஞ்சம் பணம் கையில் கிடைக்கும். மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். அதை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம். இதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு மங்களகரமான பெயர்!

1961-லேயே வரதட்சணை தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், பெண்ணைப் பெற்றவர்களின் கவலை தீரவில்லை. அந்தக் கவலைதான் இந்தத் திட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

இங்கும் ஒரு கணக்கு. மூன்று ஆண்டு முடிவில் 36 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு என்றால் 36 மாதம். மாதம் 1,000 ரூபாய் ஆகிறது. அது யாருடைய பணம்? அந்தப் பெண்ணின் சம்பளத்தில் மாதாமாதம் நிறுத்தி வைத்த பணம்தானே!

35-வது மாதத்தில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால்? பல பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பஞ்சுத் தூசி மூச்சில் ஏறி நெஞ்சை அடைக்கும் நோய் நூற்பாலைக்குப் புதிது அல்ல. லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் அது அதிகமாகத் தெரியும் என்பதால், டாக்டர்கள் அதற்குத் "திங்கட்கிழமைக் காய்ச்சல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

2011 மே மாதத்தில் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சி அமைப்புகள் இந்தத் திட்டம் பற்றி அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்கும் உடைகளுக்குப் பின்னால் இந்தப் பெண்களின் உழைப்பு இருக்கிறது என்று அது கூறியது. 2014-ல் மற்றோர் அறிக்கை வந்தது. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் வேலை செய்த சுமார் 150 பேரிடம் பேசி அதை எழுதினார்கள். விடுதியை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு, குறைந்த சம்பளம், நீண்ட நேர வேலை ஆகியவை அப்போதும் தொடர்ந்தன என்று அது சொன்னது.

எல்லா ஆலைகளும் அப்படி அல்ல என்று ஆலை அதிபர்கள் தரப்பில் கூறினார்கள். பெண்களைக் கௌரவமாக நடத்தும் ஆலைகளும் உண்டு என்பது உண்மைதான். ஆனால், நல்ல ஆலை எது, கெட்ட ஆலை எது என்று சட்டை வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

டாக்கா கொடுத்த பாடம்

2013-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி. வங்காள தேசத்தின் தலைநகர் டாக்காவுக்குப் பக்கத்தில், "ரானா பிளாசா" என்ற எட்டு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது. உள்ளே தையல் தொழிற்சாலைகள். 1,134 பேர் மாண்டார்கள்!

முந்தின நாளே சுவரில் வெடிப்புத் தெரிந்தது. கட்டிடத்தில் இருந்த பாங்கி, தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர்கள் பிழைத்தார்கள். தையல் தொழிலாளர்களோ மறுநாள் வேலைக்கு வரும்படி வற்புறுத்தப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் வந்தார்கள்.

ஒரே கட்டிடம். ஒரே வெடிப்பு. விட்டுப் போக முடிந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். முடியாதவர்கள் இடிபாட்டில் சிக்கினார்கள்.

அங்கிருந்த தொழிற்சாலைகளில் சில, அதற்கு முன்பே வெளிநாட்டுத் தணிக்கையாளர்களால் சோதிக்கப்பட்டவை என்பதுதான் வேதனை.

தணிக்கை என்றால் என்ன? வெளிநாட்டுக் கம்பெனி, தனக்குச் சரக்கு அனுப்பும் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லும். தணிக்கையாளர் வருவார். கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பார். தொழிலாளர்கள் சிலரிடம் பேசுவார். சான்றிதழ் கொடுப்பார்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது: வருவது முன்கூட்டியே தெரிந்தால், பட்டறை பளபளப்பாகிவிடும். "என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும்" என்று சொல்லியும் கொடுத்துவிடுவார்கள். பக்கத்தில் மேற்பார்வையாளர் நிற்கும்போது குறையைச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இரண்டாவது: தணிக்கை பெரும்பாலும் கடைசித் தையல் தொழிற்சாலையோடு நின்றுவிடுகிறது. ஒரு சட்டை, பஞ்சாக இருந்து நூலாகி, துணியாகி, சாயம் ஏறி, தைக்கப்பட்டு, கப்பல் ஏறுகிறது. கடைசிப் படியில் விளக்கு எரிகிறது. கீழ்ப்படிகளில் இருட்டு. நூற்பாலையும் சிறிய தறிப் பட்டறையும் அந்த இருட்டில்தான் இருக்கின்றன.

பட்டறை முதலாளிகளில் பலரும் சிறியவர்களே. பெரிய வியாபாரி நூல் கொடுப்பார். இவர் கூலிக்கு நெய்து கொடுப்பார். மேலே இருப்பவர் விலையைக் குறைத்தால், அந்தச் சுமை படிப்படியாக இறங்கி, கடைசியில் தறி ஓட்டுகிறவரின் தோளில் வந்து நிற்கிறது. நல்ல கூலி கொடு என்று சொல்லும் வெளிநாட்டுக் கம்பெனியே விலையையும் குறைக்கச் சொன்னால், கூலி எங்கிருந்து உயரும்?

திண்டுக்கல் காட்டிய வழி

இதற்கு மாற்று வழி இல்லையா? தமிழ்நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்தது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளம் பெண் கொலை செய்யப்பட்டார். தொழிற்சாலை மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பாலியல் தொல்லை பற்றிப் பல பெண்கள் வாய் திறந்து பேசத் தொடங்கினார்கள்.

திவ்யராகினி தலைமையில் இயங்கும் பெண் தொழிலாளர் சங்கம் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. ஓர் ஆண்டுக்கு மேல் பேச்சு நடந்தது. 2022 ஏப்ரலில், தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் சங்கத்துடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்ற வெளிநாட்டுக் கம்பெனிகளும் தனித்தனியே கையெழுத்திட்டன. இதுதான் "திண்டுக்கல் உடன்படிக்கை".

இதில் புதுமை என்ன? சோதனை செய்ய வெளியூரில் இருந்து ஆள் வரவேண்டியது இல்லை. தொழிலாளர்களுக்குள்ளேயே சங்கம் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. 25 பேருக்கு ஒருவர் என்பது ஏற்பாடு. ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறவர் கண்ணில் படாதது, தினமும் பக்கத்து மெஷினில் உட்காருகிறவர் கண்ணில் படும் அல்லவா?

இன்னொன்று: தொழிற்சாலை வாக்கைக் காப்பாற்றாவிட்டால் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டரில் கை வைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். தையல் பிரிவோடு நிற்காமல், நூற்பாலைத் தொழிலாளர்களையும் சேர்த்தார்கள். இருட்டாக இருந்த ஒரு படியில் விளக்கு எரிந்தது!

2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா அந்தத் தொழிற்சாலைச் சரக்குக்குத் தடை போட்டது. உடன்படிக்கையின்படி நடந்த மாற்றங்களைக் காட்டியதும், செப்டம்பரில் தடை விலகியது. தொழிலாளியின் உரிமையைக் காப்பாற்றியது முதலாளியின் வியாபாரத்தையும் காப்பாற்றியது.

ஐரோப்பிய நாடுகளும் கட்டாய உழைப்பில் உருவான பொருள்களைத் தங்கள் சந்தையில் விற்கத் தடை விதித்து 2024-ல் சட்டம் செய்திருக்கின்றன. 2027 டிசம்பரில் அது நடைமுறைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்போது, "உங்கள் நூல் எங்கே நூற்கப்பட்டது? துணி எங்கே நெய்யப்பட்டது?" என்ற கேள்வி சேலம், நாமக்கல் பட்டறை வாசலையும் தட்டும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

தறிக்கோ, ஆலைக்கோ வேலைக்குப் போகும் குடும்பங்கள் சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

* முன்பணம் வாங்கினால் தொகை எவ்வளவு, எப்படிக் கழியும் என்று எழுதி வாங்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்தோ, கைநாட்டோ கூடாது.

* சம்பளம் மாதாமாதம் முழுவதும் கைக்கு வர வேண்டும். "கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்" என்பது உங்கள் பணத்தை மற்றவர் வைத்துக்கொள்வதாகும்.

* வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை. அதற்கு மேல் என்றால் சட்டப்படி இரட்டைக் கூலி உண்டு.

* 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எந்தத் தொழிற்சாலையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது.

* 10 பேரோ, அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்கக் குழு இருக்க வேண்டும். சிறிய பட்டறையில் வேலை செய்யும் பெண்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். இது 2013-ம் ஆண்டுச் சட்டம்.

* விசைத்தறித் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்துகொண்டால் கல்வி, திருமண உதவி போன்றவை கிடைக்கும். கல்யாணச் செலவுக்காகப் பாக்கி வாங்கும் முன் இதை விசாரித்துப் பாருங்கள்.

* பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பெண்களுக்கு ஆபத்து என்றால் 181. இந்த எண்களுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

துணி வாங்குகிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. துணியைத் தடவிப் பார்க்கிறோம். சாயம் போகுமா என்று கேட்கிறோம். கூட்டுறவுச் சங்கக் கடையானாலும், பெரிய ஜவுளிக் கடையானாலும், "இதை நெய்தவருக்குச் சரியான கூலி போகிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் அவரே பட்டறைக்காரரிடம் கேட்பார்.

கடன் வாங்காத குடும்பம் அரிது. கடன் கொடுப்பவர் எல்லோரும் கொடியவரும் அல்லர். ஆனால், கொடுத்த கடனுக்குப் பணத்தைத்தான் திருப்பிக் கேட்கலாம். ஆளைக் கேட்கக் கூடாது.

மளிகைக் கடைப் பாக்கியைப் போலவே தறிப் பாக்கியும் ஒருநாள் தீர வேண்டும். கணக்கை முடித்துவிட்டு, "போய் வருகிறேன்" என்று சொல்லும் உரிமை தறி ஓட்டுகிறவருக்கும் உண்டு.